மார்ச், ஏப்ரல் இடிமழையும் உப்பு வியாபாரமும்

2025ஆம் ஆண்டு ஏற்பட்ட உப்புத் தட்டுப்பாட்டை நம் நாட்டு மக்கள் இலகுவில் மறக்க மாட்டார்கள். நாலாபுறமும் கடல் சூழ்ந்த நாட்டுக்கு இந்தியாவில் இருந்து கப்பலில் உப்பு வந்து இறங்கியது. மே மாதத்தில் ஒரு பைக்கற் உப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. உப்பு விளையும் நேரத்தில் மழை பெய்ததே இதற்குப் பிரதான காரணமாகக் கூறப்பட்டது. "காலம் தப்பிய மழை" என்ற வார்த்தை சந்தையில் எல்லோர் வாயிலும் இருந்தது.

இந்த வார்த்தையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் பெய்தது வடகீழ்ப் பருவ மழை. அது வழமையை விடக் கூடுதலாகப் பெய்திருக்கலாம். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மதியத்துக்குப் பின் இடி, மின்னலுடன் கொட்டும் மழை காலம் தப்பி வருவதல்ல. ஒவ்வொரு வருடமும் அதற்குரிய காலத்திலேயே வருகிறது. எந்த ஊரில், எந்த நாளில் என்பது தான் முன்கூட்டித் தெரிவதில்லை. உப்பு, நெல், கருவாடு, வெங்காயம் என்று வெயிலை நம்பித் தொழில் செய்யும் நமது சகோதரர்கள் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், நட்டத்தை முழுமையாகத் தடுக்க முடியாவிட்டாலும் அதை நியாயமாகப் பகிர்ந்துகொள்ளவாவது முடியும்.

இரண்டு வகை மழை

நமது நாட்டின் வருடத்தை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றுக்கு இடையில் மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இடைப்பருவ காலங்கள்.

பருவக்காற்று மழை என்பது ஒரு திசையில் இருந்து தொடர்ந்து வீசும் காற்று கொண்டுவரும் மழை. தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மோதி மேலே ஏறுவதால் ஈர வலயத்தில் மழை கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது சூடாகி வறண்டு விடுகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். புத்தளம், மன்னார் கரையோரங்களில் காற்று கடலில் இருந்தே வருகிறது. உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் அளவுக்கு ஈரமும் இருக்கிறது. இருந்தும் ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே மழை மிகக் குறைவு. தட்டையான அந்தக் கரையில் காற்றை மேலே தூக்கிவிட மலை கிடையாது.

இதில் ஒரு விடயம் தெளிவாகிறது. காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் மழை வராது. அந்தக் காற்று மேலே ஏற வேண்டும்.

காற்று எப்போது ஏறும்?

நிலத்துக்கு அருகில் உள்ள காற்று மேலே ஏறும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் குளிரும். ஆனால் சுற்றியிருக்கும் வளிமண்டலம் சாதாரணமாக ஒரு கிலோமீற்றருக்கு 6 அல்லது 7 பாகை தான் குளிர்ந்திருக்கும். அப்படியானால் ஏறிய காற்று சுற்றுப்புறத்தை விடக் குளிர்ந்து, பாரமாகிக் கீழே திரும்பிவிடும். இதனை உறுதியான நிலை என்கிறார்கள்.

ஏறும் காற்றில் உள்ள நீராவி ஒடுங்கி முகிலாகத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பம் ஒடுங்கும்போது திரும்ப வெளிவருகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் அளவு நீராவி ஒடுங்கினால் வெளிவரும் வெப்பம், ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இந்த வெப்பத்தால் முகிலுக்குள் ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு 5 பாகை அளவில் தான் குளிர்கிறது. இப்போது அது சுற்றுப்புறத்தை விடச் சூடாகவும் பாரமற்றும் இருக்கிறது. யாரும் தூக்கிவிடத் தேவையில்லை. தானாகவே ஏறிக்கொண்டு போகும். இதுவே உறுதியற்ற நிலை. 12, 15 கிலோமீற்றர் உயரம் வரை வளரும் இடிமுகில் இப்படித்தான் உருவாகிறது. இதனால் பெய்வதைப் பாடசாலைப் புத்தகங்கள் மேற்காவுகை மழை என்று சொல்கின்றன.

ஆகவே அந்த முதல் ஒன்றிரண்டு கிலோமீற்றர் உயரத்தைக் காற்று தாண்டுவதற்குத்தான் உதவி தேவை. இடைப்பருவத்தில் அந்த உதவி கிடைக்கிறது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நமது நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. பலமான பருவக்காற்று ஓய்ந்து விடுவதால் நிலத்தின் சூடு அடித்துச் செல்லப்படாமல் அதே இடத்தில் சேர்கிறது. காலை பத்து, பதினொரு மணிக்குப் பின் கடற்காற்று கரையில் இருந்து உள்நாட்டுக்கு நுழைகிறது. கடற்காற்றும் உள்நாட்டின் சூடான காற்றும் சந்திக்கும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டும் தான். சோற்றுப் பானையின் மூடி போல மேலே அடைத்திருக்கும் சூடான படை ஓரிடத்தில் உடைந்தால், ஒரு மணி நேரத்துக்குள் வானம் கறுத்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று அடிக்கடி வருவதன் காரணம் இது தான்.

ஒரு ஊரில் மழை, அடுத்த ஊரில் வெயில்

பருவக்காற்று மழை ஒரு மாவட்டத்தையே நனைக்கும். இடிமுகிலோ சில கிலோமீற்றர் அகலம் கொண்டது. ஒரு முகிலின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. அதனால் தான் பாலாவியில் வெயில் எரிக்கும்போது புத்தளம் நகரில் வெள்ளம் ஓடலாம். அறிவித்தலில் "சில இடங்களில்" என்று சொன்னால் நம்முடைய இடத்திலும் பெய்யலாம், பெய்யாமலும் விடலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவித்தல் பொய்த்துவிட்டது என்று திட்டுவதில் பயனில்லை.

மழைக்குச் சற்று முன் திடீரென்று குளிர்ந்த காற்று வீசுவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். முகிலில் இருந்து விழும் துளிகள் கீழே உள்ள வறண்ட காற்றில் ஆவியாகி அதனைக் குளிர்வித்து விடுகின்றன. குளிர்ந்த காற்று பாரமாகி நிலத்தில் வந்து மோதி நாலாபுறமும் பரவுகிறது. களத்தில் நெல் காயப் போட்டவருக்கும் உப்பளத்தில் நிற்பவருக்கும் இது கடைசி எச்சரிக்கை. சில நிமிடங்களே மிச்சம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீற்றர் தூரம் என்று கணக்கு. சத்தம் காதில் விழும் தூரத்தில் மின்னல் இருந்தாலே வெட்ட வெளியில் வேலையாட்களை வைத்திருப்பது ஆபத்து. சரக்கை விட உயிர் பெரியது.

பாத்தியில் நடக்கும் கணக்கு

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அது சுமார் பத்தில் ஒரு பங்காக வற்றிய பின்னரே உப்புப் பரல் பிடிக்கத் தொடங்கும். வாரக்கணக்கில் வெயிலும் காற்றும் செய்யும் வேலை இது. ஒரு மணி நேர இடிமழையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் நீர் 2 இலட்சம் லீற்றர். ஒரு லீற்றர் நல்ல நீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கக்கூடியது. கணக்குப்படி 70 தொன்னுக்கு மேல் உப்பைக் கரைக்கும் சக்தி அந்த ஒரு மழைக்கு உண்டு. நடைமுறையில் அவ்வளவு கரைவதில்லை. மழைநீர் பாரம் குறைந்தது. செறிந்த உப்புநீரின் மேல் சிறிது நேரம் தனியாக நிற்கும். கலங்க விடாமல் மேல் நீரை மட்டும் உடனே வெளியேற்றினால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். காற்று அடித்துக் கலக்கிவிட்டால் மீண்டும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியது தான்.

முற்பணமும் நீதியும்

இனி நமது கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். உப்பு எடுக்கும் முன்னரே "இந்தப் பாத்தியில் விளைவது எனக்கு" என்று பேசி முற்பணம் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பாத்தியில் மழை விழுந்தால் முற்பணம் கடனாக மாறுகிறது. அடுத்த போகத்தில் அந்த மனிதர் சந்தை விலையை விடக் குறைத்து உப்புக் கொடுத்து அதனை அடைக்கிறார். வானத்தில் இருந்து வந்த நட்டம் முழுவதும் ஏழையின் தலையில் ஏற்றப்படுகிறது.

முன்பணம் கொடுத்து வாங்கும் ஸலம் வியாபாரத்துக்கு நமது மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் இமாம்கள் அதற்கு வைத்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். சரக்கின் தரம், அளவு, தவணை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். விலை அந்தச் சபையிலேயே முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் விளைச்சல் என்று மட்டும் கட்டக் கூடாது. அந்தத் தோட்டம் அழியலாம் என்பதால் அதில் கரர், அதாவது நிச்சயமின்மை இருக்கிறது. ஒரு பாத்தியை அழித்து அடுத்த பாத்தியை விட்டுவிடும் இடிமழையைப் பார்த்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் ஆழம் விளங்கும். தவணைக்குச் சரக்கு கிடைக்காவிட்டால் வாங்குபவர் காத்திருக்கலாம். அல்லது கொடுத்த பணத்தை மட்டும் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் ஒரு சதமும் எடுக்க முடியாது. இலாப நட்டம் இரண்டிலும் பங்கு வேண்டுமென்றால் முழாரபா, முஷாரகா என்ற வழிகள் இருக்கின்றன. விபரங்களை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு எழுத்தில் செய்துகொள்ளுங்கள்.

நடைமுறைக்கு மூன்று ஆலோசனைகள். முதலாவது, மார்ச், ஏப்ரல் கொள்வனவை ஒரே இடத்தில் குவிக்காமல் பத்து, பதினைந்து கிலோமீற்றர் இடைவெளியில் பல இடங்களில் பிரித்து வையுங்கள். இரண்டாவது, காயப் போடுவதையும் அள்ளுவதையும் இயன்றவரை பகல் ஒரு மணிக்கு முன் முடித்து, மூடுவதற்குரிய படங்குகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு உப்பளத்திலும் பக்கம் நேரான ஒரு ரின்னைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டவுடன் அடிமட்டத்தால் அளந்து திகதியுடன் கொப்பியில் எழுதுங்கள். தூரத்தில் உள்ள மழைமானி உங்கள் பாத்தியில் விழுந்ததைச் சொல்லாது. நாளை கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் பேச்சு வரும்போது அந்தக் கொப்பியே சாட்சி.

மழை அல்லாஹ்வின் றஹ்மத். அதே ஏப்ரல் மழை தான் நமது கிணறுகளுக்கும் குளங்களுக்கும் நீர் தருகிறது. அது எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்த பின் அதன் நட்டத்தை யார் தலையில் வைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.