படுக்கையில் கிடப்பவருக்கு ஊரே துணை

நோய் வருகிறது. மருத்துவமனைக்குப் போகிறோம். மருந்து சாப்பிடுகிறோம். நோய் தீர்கிறது. பல நோய்கள் இப்படித்தான்.

ஆனால் எல்லா நோயும் தீர்ந்துவிடுமா? புற்றுநோய் முற்றிவிட்டால்? தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டால்? பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிட்டால்? அப்போது பல இடங்களில் என்ன சொல்வார்கள்? “இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே தொடங்குகிறது. நோயாளிக்கு வலி. படுத்தே கிடப்பதால் முதுகில் புண். கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான். அவர் வேலைக்குப் போக முடியாது. நோயாளியும் சம்பாதிக்க முடியாது. இரண்டு கூலியும் நின்றுபோகும். பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும்.

“செய்வதற்கு ஒன்றும் இல்லை” என்பது உண்மையா? இல்லை, நிறைய இருக்கிறது. இதைச் செய்து காட்டியவர்கள் நம் பக்கத்து மாநிலமான கேரளத்து மக்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள்? பார்ப்போம்.

நோய் தீராவிட்டாலும் வலி தீரும்

நோயைத் தீர்ப்பது ஒரு வேலை. நோயாளியின் துன்பத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு ஆதரவு சிகிச்சை என்று பெயர். ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர் என்பார்கள். கேரளத்தில் ‘பாலியேட்டிவ்’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.

ஆதரவு சிகிச்சையில் என்னென்ன உண்டு? வலிக்கு மருந்து கொடுப்பது. புண்ணைக் கழுவிக் கட்டுவது. சிறுநீர்க் குழாயை மாற்றுவது. நோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது. வீட்டாருக்குத் தைரியம் சொல்வது. எல்லாமே இதில் சேரும்.

கடுமையான வலிக்கு மார்ஃபின் என்ற மருந்து உண்டு. இது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மாத்திரையாகக் கிடைக்கும். விலையும் குறைவு. சட்டப்படி அபினி விளையும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆனாலும் நம் நோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்கவில்லை. ஏன்? போதைப் பொருளைத் தடுக்க 1985-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கெடுபிடியால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைக்கவே தயங்கின. 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நோயாளிகளுக்கு மருந்து கிடைக்க வழி எளிதானது.

மார்ஃபின் சாப்பிட்டால் போதைக்கு அடிமையாகிவிடுவோமா? பலருக்கும் இந்தப் பயம் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிட்டால் அப்படி ஆவது அரிது. ஆனால் மருத்துவர் சொல்லாமல் சாப்பிடவே கூடாது.

கோழிக்கோட்டில் தொடக்கம்

1993-ஆம் ஆண்டு. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ‘வலி மற்றும் ஆதரவு சிகிச்சைச் சங்கம்’ தொடங்கியது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் இதைத் தொடங்கியவர்கள். இருவரும் மயக்க மருந்து மருத்துவர்கள். நல்ல மனம் கொண்ட சிலர் துணைக்கு வந்தார்கள்.

நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வலி குறைந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். மறுமுறை வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வர உடம்பில் தெம்பு இல்லை. வண்டி வைத்து வரக் காசு இல்லை. நடக்கவே முடியாதவர் மருத்துவமனைக்கு எப்படி வருவார்?

“நோயாளி நம்மிடம் வர முடியாவிட்டால், நாம்தான் அவரிடம் போக வேண்டும்” என்று முடிவு செய்தார்கள். பக்கத்து ஊர்களில் கிளைகள் தொடங்கினார்கள். மலப்புறம் மாவட்டத்தில் மஞ்சேரியில் 1996-இல் கிளை வந்தது. செவிலியர் வீடு தேடிப் போனார்.

மருந்து மட்டும் போதுமா?

வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மை நிலை தெரிந்தது. மாத்திரை இருக்கிறது. அடுப்பு எரியவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போட்டாயிற்று. மகள் பள்ளிக்கூடம் போவதில்லை. நோயாளிக்கு வலி குறைந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

இதற்கெல்லாம் மருத்துவர் என்ன செய்வார்? அரிசிக்கு மருந்துச் சீட்டு எழுத முடியுமா?

இதைச் செய்ய ஊரால்தான் முடியும். நோயாளி படுத்திருப்பது ஊரில். அவர் வீட்டு நிலைமை தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தார். ஆகவே 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் மக்களே குழு அமைத்தார்கள். மருத்துவரும் செவிலியரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மலப்புறம், கோழிக்கோடு போன்ற வட மாவட்டங்களில் இது வேகமாகப் பரவியது.

மலப்புறம் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1991 ஏப்ரல் 18-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைக் கோழிக்கோட்டில் மேடை ஏறி அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. புதிதாக எழுதப் படிக்கக் கற்ற மலப்புறத்துப் பெண்மணி அவர். அறிவொளி ஏற்றவும் அங்கே தொண்டர்கள்தான் வீடு வீடாகப் போனார்கள்.

தொண்டர் யார்?

பெரிய படிப்புப் படித்தவரா? பணக்காரரா? இல்லை. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், கடைக்காரர், கல்லூரி மாணவி, வீட்டைக் கவனிக்கும் பெண் என்று யாரும் தொண்டர் ஆகலாம். வாரத்தில் 2 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதுதான் முதல் தகுதி.

மனம் மட்டும் போதாது. பயிற்சியும் வேண்டும். 16 மணி நேரம் வகுப்பு. பிறகு 4 நாள் செவிலியரோடு போய் நேரில் பழக வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் 10 முதல் 15 பேர் வரை சேர்ந்து ஒரு குழு ஆவார்கள்.

அவர்கள் செய்வது என்ன?

• ஊரில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார்கள்.
• செவிலியரோடு வீட்டுக்குப் போவார்கள்.
• நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவார்கள்.
• அரிசி, பருப்பு இல்லாத வீட்டுக்கு ஏற்பாடு செய்வார்கள்.
• பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பார்ப்பார்கள்.
• அரசு உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள்.

செய்யக் கூடாததும் உண்டு. தொண்டர் ஊசி போடக் கூடாது. தானாக மருந்து சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை வெளியில் பேசக் கூடாது. நோயாளியின் சாதி, மதம், கட்சி பார்க்கக் கூடாது.

வீட்டாருக்கும் அவர்கள் சொல்லித் தருவார்கள். படுத்தே கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு ஈரமாக இருக்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. இடுப்பு, குதிகால், முதுகு சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இதைச் செய்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. இதற்குக் காசு செலவில்லை. தெரிந்திருந்தால் போதும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வண்டிக்கு டீசல் வேண்டும். செவிலியருக்குச் சம்பளம் வேண்டும். மருந்து வாங்க வேண்டும். யார் கொடுப்பார்கள்?

பெரும்பகுதி ஊர் மக்கள் கொடுத்த சிறு தொகைதான். கடையில் உண்டியல் வைப்பார்கள். மாணவர்கள் வசூலித்துத் தருவார்கள். பஸ்காரர்கள் ஒரு நாள் வசூலைக் கொடுப்பதும் உண்டு. கேரளத்தில் ஜனவரி 15 ஆதரவு சிகிச்சை நாள். அன்று ஊர் ஊராக நிதி திரட்டுவார்கள்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பஞ்சாயத்தில் 5,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 10 ரூபாய். ஒரு மாதத்தில் 50,000 ரூபாய். ஒரு வருடத்தில் 6 லட்சம் ரூபாய்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே பணக்காரர் 6 லட்சம் கொடுத்தால் அது அவருடைய அமைப்பு ஆகிவிடும். 5,000 வீடுகள் கொடுத்தால் அது ஊருடைய அமைப்பு. கணக்குக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கணக்கைச் சரியாக எழுதி, ஊர் முன் படித்துக் காட்ட வேண்டும். கணக்கு தவறினால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் உண்டியலும் காலியாகும்.

பஞ்சாயத்துத் தலைவரின் பங்கு

2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கு ஒரு கொள்கை வகுத்தது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதன் பிறகு பஞ்சாயத்துகளும் இதில் இறங்கின. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து வீட்டுக்குச் செவிலியரை அனுப்பின. திட்டப் பணத்தில் இதற்கு ஒதுக்கின. வார்டு உறுப்பினர்கள் நோயாளிகளின் பட்டியல் எடுத்தார்கள்.

அரசு வந்துவிட்டதே, இனித் தொண்டர் எதற்கு? இந்தக் கேள்வி எழுவது இயற்கைதான். செவிலியர் மாதத்தில் சில நாள்தான் ஒரு வீட்டுக்கு வர முடியும். மற்ற நாட்களில் எட்டிப் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். அதே போல, தொண்டர் இருக்கிறார் என்று அரசு கையைக் கழுவவும் முடியாது. மருந்தும் சிகிச்சையும் தருமம் அல்ல. அது நோயாளியின் உரிமை. உரிமையை அரசு தர வேண்டும். அன்பை ஊர் தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

2010-இல் உலக சுகாதார நிறுவனம் கோழிக்கோட்டு ஆதரவு சிகிச்சை மையத்தைத் தன் கூட்டு மையமாக ஏற்றது. டாக்டர் ராஜகோபாலுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் அதில் சேர்ந்தது. உங்கள் ஊரில் இது யார் யாருக்குக் கிடைக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர் யாராவது உண்டா? இன்று மாலை ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள். “சாப்பிட்டீர்களா? ராத்திரி தூக்கம் வந்ததா?” என்று கேளுங்கள். மற்ற எல்லா வேலையும் இந்த இரண்டு கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

கூடிப் பேசுங்கள்

1. நோய் தீராது என்று தெரிந்த பிறகும் செய்யக்கூடியவை எவை?
2. படுக்கைப் புண் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
3. தொண்டர் செய்யக் கூடாதவை எவை? ஏன்?
4. உங்கள் ஊரில் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் சேர்த்தால் வருடத்துக்கு எவ்வளவு வரும்? கணக்குப் போடுங்கள்.
5. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பற்றி யார் பேசப் போகிறீர்கள்?