இரசாயன ஆசிரியர் வகுத்த இலக்கணம்

பதவியல் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை என்று ஒரு சொல்லைக் கூறுகூறாகப் பிரித்து மனனஞ் செய்த பள்ளி நாட்கள் அவர்கள் நினைவுக்கு வருகின்றன போலும். ஆயினும் ஒரு மொழியின் உள்ளே புகுவதற்கு அதனினும் நேரான வாயில் பிறிதில்லை என்பது எமது துணிபு. எம்மவரிற் பலர் பெயரளவிலேனும் கேட்டறியாத மொழியொன்றை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

கற்றலான் என்பது அம்மொழியின் பெயர். பார்சலோனாவைத் தலைநகராகக் கொண்ட கற்றலோனியாவிலும், அதற்குத் தெற்கே வலென்சியாவிலும், மத்தியதரைக் கடலிலுள்ள பலெயாரித் தீவுகளிலும், பிரான்சின் தென்கோடியிலும், சார்தீனியாத் தீவின் அல்கேரோ நகரிலும் அது வழங்குகின்றது. பிரனீசு மலைகளிடையே அமைந்த அந்தோரா என்னுஞ் சிறு நாட்டில் அதுவொன்றே அரசகரும மொழி. பேசத் தெரிந்தோர் ஏறத்தாழ ஒரு கோடியினர். அதனை ஸ்பானியத்தின் கிளைமொழி என்று கருதுவோர் இன்றும் உளர். அது தவறு. இரண்டும் இலத்தீன் ஈன்ற சகோதரிகள்.

சர்வகலாசாலையில் இம்மொழியின் பதவியலைக் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே ஒளிந்து விளையாடும் ஓர் எழுத்தைச் சந்திக்கிறான். கையைக் குறிக்கும் சொல் ‘மா’. பன்மையில் அது ‘மாஸ்’ ஆகாமல் ‘மான்ஸ்’ ஆகின்றது. சகோதரன் ‘ஜெர்மா’, சகோதரி ‘ஜெர்மானா’. பாட்டு ‘கன்சோ’, பாட்டுக்கள் ‘கன்சோன்ஸ்’. ஒருமையில் இல்லாத னகரம் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் இருந்த னகரந்தான் அது. சொல்லின் ஈற்றில் நிற்குமிடத்துத் தேய்ந்து மறைந்தது. பின்னால் ஒரு விகுதி வந்து காவல் நின்றவிடத்துப் பிழைத்துக்கொண்டது. காலையில் எமது வீடுகளில் உண்ணும் பாணுக்கும் இக்கதைக்கும் தொடர்புண்டு. பாண் என்பது போர்த்துக்கேயர் வழியாக எமக்கு வந்த சொல். ‘பானிஸ்’ என்னும் இலத்தீனே அதற்கு மூலம். அதே மூலத்திலிருந்து பிறந்த கற்றலான் சொல் ‘பா’. ஆனாற் சிறிய பாணுக்குப் ‘பனெத்’ என்றும், பாண் வைக்கும் கூடைக்குப் ‘பனேரா’ என்றும் சொல்லுவர். மறைந்த னகரம் அங்கே முகங்காட்டுகின்றது.

வல்லெழுத்துக்களின் கதை வேறு. ஆண் ஓநாய் ‘ல்யோப்’, பெண் ஓநாய் ‘ல்யோபா’. நண்பன் ‘அமீக்’, நண்பி ‘அமீகா’. மருமகன் ‘நெபோத்’, மருமகள் ‘நெபோதா’. இவற்றைத் தமிழெழுத்தில் எழுதியவுடன் வேறுபாடு எதுவும் இல்லாததுபோற் தோன்றும். உரோம எழுத்திலோ ஆண்பாற் சொல்லின் ஈற்றெழுத்து வேறு, பெண்பாற் சொல்லின் எழுத்து வேறு. ஈற்றில் வலிந்து ஒலிக்கும் மெய், உயிர்களுக்கிடையில் நலிந்து ஒலிக்கின்றது. தமிழில் ‘பகல்’ என்பதன் ககரமும் ‘பக்கம்’ என்பதன் ககரமும் ஒலியில் வேறுபட்டும் எழுத்தில் ஒன்றாகவே நிற்பதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

வினைச்சொல்லுக்கு வருவோம். ‘காந்தாவெம்’ என்றால் ‘பாடிக்கொண்டிருந்தோம்’ என்பது பொருள். நன்னூல் கற்ற மாணவன் தயங்காமல் இதனைப் பிரித்துவிடுவான்: ‘காந்த்’ பகுதி, அதனையடுத்த ஆகாரம் வினைவகையைக் காட்டுவது, ‘வெ’ காலங்காட்டும் இடைநிலை, ‘ம்’ தன்மைப் பன்மை விகுதி. பாடினோம் என்பதிலும் மகரமே ஈறாக நிற்கின்றதே என்று எவரேனும் மகிழ்ச்சியுடன் எழுந்தால், அவரை அமரும்படி கேட்டுக்கொள்கிறோம். அது தற்செயலான ஒற்றுமை.

ஆனால் ஓரிடத்தில் எம்மவனும் தடுமாறுவான். பிரெஞ்சு மாணவனும் ஸ்பானிய மாணவனும் அவனுடன் சேர்ந்து தடுமாறுவர். ‘பாடப் போகிறேன்’ என்றால் எமக்கு எதிர்காலம். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அப்படியே. கற்றலானிலோ ‘போ’ என்னும் வினையின் நிகழ்கால வடிவத்தோடு பாடுதலைச் சேர்த்து ‘வாச் காந்தார்’ என்றால், ‘பாடினேன்’ என்று பொருள்! இடையிலே ‘அ’ என்ற ஒரேயொரு இடைச்சொல்லைச் சேர்த்துவிட்டால் ‘பாடுவதற்குப் போகிறேன்’ என்று ஆகிவிடும். நடந்த கதையைக் கண்முன் நிகழ்வதுபோற் சொல்வதற்கு இடைக்காலத்தார் ‘போய்ப் பாடுகிறான்’ என்ற பாங்கில் எழுதினர். அவ்வழக்கே நாளடைவில் உறைந்து இறந்தகாலமாயிற்று என்பர் ஆராய்ச்சியாளர்.

சொல்லாக்கத்தில் எமக்கு மிக்க சுவை தருவன தொகைச்சொற்களே. ‘பராய்குவா’ என்றால் குடை. ‘பாரா’ தடுப்பது, ‘ஆய்குவா’ நீர். தடுத்தலும் குடையன்று, நீரும் குடையன்று. இரண்டுக்கும் புறம்பான மூன்றாவது பொருளொன்றை அத்தொகை உணர்த்துகின்றது. ‘பொற்றொடி வந்தாள்’ என்பதில் நாம் கண்ட அன்மொழித்தொகை அல்லவா இது? நீர் என்னுஞ் சொல் அம்மொழியிற் பெண்பால். அதனை உட்கொண்ட குடையோ ஆண்பால். வானளாவிய மாடத்தை ‘வானைச் சுரண்டி’ என்னும் பொருளில் ‘கிராத்தசேல்’ என்பர். நிறைவேறாத கனவுகளிற் காலங்கழிப்பவனுக்குச் ‘சோமியாத்ருய்தெஸ்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘முட்டைப்பொரியலைக் கனவு காண்பவன்’ என்றாகும். எமது ஊர்களிலும் அன்னவர்க்குப் பஞ்சமில்லை. பெயர்தான் இத்துணைப் பொருத்தமாக அமையவில்லை.

நிற்க, இவ்வளவையும் ஒழுங்குபடுத்தித் தந்தவர் யார் என்பதைச் சொல்லவேண்டும். பொம்பேயு ஃபாப்ரா 1868இற் பிறந்தவர். தொழிலால் மொழிநூலாரல்லர், பொறியியல் கற்றவர். 1902 முதல் பத்தாண்டளவு பில்பாவோ நகரத்துப் பொறியியற் கல்லூரியில் இரசாயனம் போதித்தார். 1907இற் பார்சலோனாவில் நிறுவப்பெற்ற கற்றலான் ஆய்வு நிறுவகம் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. எழுத்து விதிகள் 1913இலும், இலக்கணம் 1918இலும், பேரகராதி 1932இலும் வெளிவந்தன. அவ்விதிகளுள் ஒன்று பெரும் பூசலைக் கிளப்பியது. வீடு ‘காஸா’, அதன் பன்மையை அகரமிட்டுக் ‘காஸாஸ்’ என எழுதுவதா, எகரமிட்டுக் ‘காஸெஸ்’ என எழுதுவதா? பார்சலோனாவார் வாயில் இரண்டும் ஒன்றே. வலென்சியாவிலோ எகரம் தெளிவாக ஒலிக்கின்றது. பழைய ஏடுகளிலும் அதுவே காணப்படுகின்றது. ஃபாப்ரா எகரத்தையே விதித்தார். தலைநகரத்தின் காதுக்கு மட்டும் இசைய எழுதினால் ஏனைய நாட்டார் பிரிந்துவிடுவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். பார்சலோனாவிலேயே சிலர் பல ஆண்டுகள் அதனை ஏற்க மறுத்தனர்.

பட்டத்தால் மொழிநூலாரல்லாத இவர் 1932இற் பார்சலோனா சர்வகலாசாலையிற் கற்றலான் பேராசிரியரானார். ஏழாண்டுகள் சென்றன. 1939 சனவரியில் பிராங்கோவின் படை நகருட் புகுந்தது. பாடசாலையிலும் அலுவலகத்திலும் அம்மொழிக்குத் தடை வந்தது. எழுபது வயதினரான ஃபாப்ரா எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்றார். 1948ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று பிராடா என்னுஞ் சிற்றூரிற் காலமானார். இறுதிவரை அவர் திருத்திக்கொண்டிருந்த புதிய இலக்கணம் 1956இலேயே அச்சேறியது.

மண்ணைக் குறிக்கும் ‘தேரா’ என்ற சொல்லிலிருந்து பிறந்த வினைகளை மாணவர் பயிற்சிக்கு எடுப்பதுண்டு. முன்னொட்டு மாற மாறப் பொருளும் மாறும். ‘அதெரார்’ தரையிறங்குதல், ‘என்தெரார்’ புதைத்தல், ‘தெஸ்தெரார்’ நாடுகடத்தல். அந்தக் கடைசிச் சொல்லைப் பிரிக்கும்போது எமக்கு ஃபாப்ராவின் நினைவே வருகின்றது.

தடைக்காலத்தில் வகுப்புக்கள் அற்றுப்போகவில்லை. தனியார் வீடுகளில், மறைவாக, இவ்விகுதிகளும் முன்னொட்டுக்களும் கற்பிக்கப்பட்டன. அல்கோவர் என்னும் மயோர்க்காத் தீவுப் பாதிரியார் 1901இல் ஊர்தோறும் சொல் திரட்டும்படி மக்களை அழைத்துத் தொடங்கிய பேரகராதி, அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து, பத்துத் தொகுதிகளாய் 1962இல் நிறைவெய்தியது. 1975இற் பிராங்கோ இறந்த பின்னர் மொழி மீண்டும் வகுப்பறைக்கு வந்தது. கலைச்சொல் ஆக்குவதற்கென 1985இல் ஒரு நிலையமும் எழுந்தது. கணினியின் மென்பொருளுக்குக் கற்றலான் மக்கள் ‘புரோகிராமா’ என்பதோடு தொகுதிப்பொருள் தரும் ‘ஆரி’ விகுதியைச் சேர்த்துப் ‘புரோகிரமாரி’ என்றனர்.

ஆய்வு நிறுவகத்தின் புதிய இலக்கணம் 2016இல் வெளிவந்தது. ‘பாடுகிறேன்’ என்பதற்குப் பார்சலோனாவில் ‘காந்தோ’ என்று எழுதிக் ‘காந்து’ என்று ஒலிப்பர், வலென்சியாவிற் ‘காந்தெ’, பிரான்சின் தெற்கே, எமக்குப் பழகிய பெயரொன்றைப்போல, ‘காந்தி’, பலெயாரித் தீவுகளிலோ விகுதியே இன்றி, வெறும் ‘காந்த்’. வலென்சியா மாணவன் தன் ஊர் வடிவத்தை எழுதினாலும், மயோர்க்கா மாணவி விகுதியில்லாத தன் வடிவத்தை எழுதினாலும் இரண்டும் பிழையன்று.