பழைய பிக்கப் வண்டியின் கிளச் கோளாறும் திருத்தமும்

ஈச்சிலம்பற்றில் அறுவடை நெல்லை ஏற்றும் பழைய பிக்கப் வண்டி நடுவழியில் நின்றால், மூடைகள் மழையில் நனைந்து கமக்காரருக்கு நட்டம் நேரிடும். ஆகவே கிளச் கோளாற்றின் காரணத்தை அறிந்திருத்தல் நன்று.

எஞ்சின் விரைந்து ஓடியும் வண்டி இழுக்காவிடின், பெரும்பாலும் கிளச் தட்டே தேய்ந்திருக்கும். மிதி அடிவரை இறங்கியும் கியர் விழாது உராயுமாயின், எண்ணெய் அழுத்தத்திலேயே குறையுண்டெனக் கொள்க.

சில்லுகளுக்கு அணை வைத்து, எஞ்சினை நிறுத்திச் சோதிக்க. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்திருப்பின் கசிவைத் தேடுக. மாஸ்டர் சிலிண்டரிலோ, கியர்ப் பெட்டியருகேயுள்ள சிலேவ் சிலிண்டரிலோ இறப்பர் உறையினுள் எண்ணெய் காணப்படின், அதன் வாசர் பழுதுற்றதாகும். வெளிக்கசிவின்றி, அழுத்திப் பிடித்த மிதி மெல்ல இறங்கின், மாஸ்டர் சிலிண்டரின் உள்வாசரை ஐயுறுக. பலமுறை மிதித்தபின் மிதி இறுகின், குழாயிற் காற்று புகுந்திருக்கலாம்.

சிலிண்டரின் உட்சுவர் துருவேறிக் குழிந்திருப்பின் புதிய வாசரும் நில்லாது, சிலிண்டரையே மாற்றுக.

காற்றை நீக்க இருவர் வேண்டும். சிலேவ் சிலிண்டரின் காற்றுப்போக்கும் ஆணியிற் குழாய் மாட்டி, மறுமுனையைப் பிறேக் எண்ணெயுள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் ஆணியைத் தளர்த்துக. ஆணியை இறுக்கிய பின்னரே மிதியை விடுக. குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்க. கிண்ணம் வற்றலாகாது.

எஞ்சின் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஒருபோதும் ஊற்றற்க; இறப்பர் வாசர் கெடும். சில வண்டிகளில் பிறேக்கும் இதே கிண்ணத்தைச் சார்ந்தது. அங்கு இத்தவறு உயிருக்கே ஆபத்தாகும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. கடற்காற்று வீசும் இப்பகுதியில் 2 ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நலம்.