பாரீஸின் பொதுச் சைக்கிள்கள்

1900-ஆம் ஆண்டிலேயே பூமிக்கடியில் ரெயில் ஓடத் தொடங்கிவிட்ட பாரீஸ் மாநகரத்தில், எந்த வீதியில் நின்றாலும் சில நிமிஷ நடையில் ஒரு மெட்ரோ நிலையம் எதிர்ப்படும் என்றிருக்க, ஜனங்கள் பொதுச் சைக்கிளை நாடுவானேன் என்று கேட்கத் தோன்றும். ஆனால், நிலையம் வரை நடப்பதும், படியிறங்கி வண்டிக்காக நிற்பதும், ஷாத்லே போன்ற பெரிய சந்திப்புகளில் நீண்ட சுரங்க வழிகளைக் கடந்து வேறு வண்டிக்கு மாறுவதும், மறுபடி படியேறி வெளிச்சத்துக்கு வருவதும் எல்லாம் சேர்ந்ததே பிரயாணம். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு இத்தனை பிரயாசை அதிகமல்லவா?

2007 ஜூலை 15 அன்று அங்கே தொடங்கிய 'வெலிப்' என்ற ஏற்பாட்டின் பெயரே சைக்கிள், சுதந்திரம் என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கை. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தங்களை அமைத்து, சந்தா கட்டியவர் ஓர் இடத்தில் எடுத்த வண்டியை வேறோர் இடத்தில் விட்டுச் செல்லலாம் என்றும், ஒவ்வொரு சவாரியிலும் முதல் 30 நிமிஷத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் விதித்தார்கள். நான்கு மாதத்துக்குள் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்து ரெயில்கள் அருகியபோது, அதுவரை சைக்கிளை விளையாட்டாக எண்ணியிருந்தவர்களும் அதன் அருமையை உணர்ந்தார்கள். நள்ளிரவு கடந்து மெட்ரோ கதவடைத்த பிறகும் திறந்திருப்பது சைக்கிள் நிறுத்தம்தான். புறப்படும் வேளையைத் தானே நிர்ணயிக்கும் அந்தச் சுவாதீனத்தை ஒருமுறை ருசித்தவர், மறுபடியும் பிறர் வகுத்த கால அட்டவணைக்குக் கட்டுப்படச் சுலபத்தில் சம்மதிப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. அவசரமாகப் போகையில் நிறுத்தம் காலியாக இருக்கும். சேரும் இடத்திலோ வண்டியை விட இடமிராது. எடுக்குமுன் டயரை அழுத்திப் பார்த்து, பெடலைச் சுழற்றி, சங்கிலியை நோக்குவது அனுபவசாலிகளின் வழக்கம். பழுதான வண்டியை விட்டுச் செல்பவர், அடுத்து வருபவர் ஏமாறாதிருக்க, அதன் ஸீட்டைப் பின்புறமாகத் திருப்பி வைத்துவிடுகிறார். சட்டமோ உத்தரவோ இன்றி, முகமறியாத ஜனங்கள் தமக்குள் உண்டாக்கிக்கொண்ட இந்தச் சங்கேதம் எவ்வளவு அழகானது!

மோன்மார்த்ர் குன்றின்மேல் வசிப்பவர்களின் கதை வேறு. காலையில் சரிவில் சுகமாக இறங்கிப் போகிறவர்கள், மாலையில் மிதித்து ஏற மனமின்றி மெட்ரோவிலேயே வீடு திரும்பியதால், மேட்டு நிறுத்தங்கள் காலியாகி, லாரிகளில் சைக்கிள்களை ஏற்றிச் செல்ல நேர்ந்தது. மேட்டுக்கு மிதித்து ஏறிவந்து வண்டியை விடுபவருக்கு 15 நிமிஷம் இனாமாகச் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள்.