வாளிக்குள் ஒரு வைஃபை

வீட்டில் இணையம் இருக்கு, தோட்டத்தில் இல்லை. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பல பேருக்கு இதே கதைதான். கோழிப்பண்ணைக்குக் கேமராவோ, மோட்டாரைச் செல்போனில் போட்டு நிறுத்தும் வசதியோ வேணும்னா வைஃபை வெளியே வந்தாகணும். ராத்திரியில் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச் அடிச்சுக்கிட்டுப் போற வேலை குறையுமே, அது சின்ன விஷயமா?

2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. அடுத்த மாதமே இமாச்சலத்தின் தர்மசாலாவில், சாதாரண ரௌட்டர்களை உள்ளூரிலேயே மாற்றியமைத்து ஊர் வலையமைப்பு தொடங்கினார்கள். நம்ம தேனியிலும் அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்தது. கரண்ட் ஏற்ற இறக்கமே கருவிகளுக்குப் பெரிய எதிரி என்பது அங்கே கிடைத்த பாடம்.

வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்த பழக்கத்தில், எனக்கு வாங்கும் விலையைவிடப் பராமரிப்புச் செலவுதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கணக்குப்படி இதோ:

பெட்டி: எலக்ட்ரிக்கல் கடையில் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் கிடைக்கும். ஐபி65 என்று போட்டிருக்கான்னு பாருங்க. 6 தூசிக்கு, 5 தண்ணீர்ப் பீய்ச்சலுக்கு. தகரப் பெட்டி வேண்டாம், சிக்னலை அடைத்துவிடும்.

வெயில்: மூடிய பெட்டி கோடையில் அடுப்பாகிவிடும். கம்பிப் பிடியைக் கழற்றிய வெள்ளைப் பெயிண்ட் வாளியை மேலே கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுங்க. நிழலும் ஆச்சு, மழைக்குக் குடையும் ஆச்சு.

தண்ணீர்: கேபிள் அடிப்பக்கமாகத்தான் நுழையணும். நுழையுமுன் கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணி அங்கேயே சொட்டிவிடும். ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்க்கும் ஈரம் வடிய அடியில் சிறு துளை போட்டு, எறும்பும் குளவியும் புகாமல் நைலான் கொசுவலை ஒட்டுங்க.

கரண்ட்: கூரைக்கு 230 வோல்ட் கொண்டுபோகாதீங்க. ரௌட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டுக்குப் பொருந்தும் பிஓஇ இணைப்பு வாங்கினால், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் போகும். கேபிள் நீளமானால் வோல்ட் குறையும், குட்டையாக வையுங்க. அடாப்டருக்கு முன்னால் ஒரு ஸ்பைக் பஸ்டர் அவசியம்.

இடி: மேகம் கூடும்போதே பிளக்கையும் கேபிளையும் வீட்டுக்குள்ளிருந்தே பிடுங்கிவிடுங்க. இடி தொடங்கியபின் தொடவே கூடாது.

தென்னை மட்டை குறுக்கே இருந்தால் சிக்னல் குறையும், நனைந்தால் இன்னும் மோசம். மட்டை மறைக்காத இடமாகப் பார்த்துக் கட்டுங்க. சித்திரை வெயிலுக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.