அஞ்சல் வாக்கு: உரிமை இருக்கு, நாள் போதுமா?



தேர்தல் பற்றி எழுதச் சொன்னால், "இராணுவத்தினர் அஞ்சல் வழி வாக்களிக்கின்றனர்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மலேசியாவில் அது பழைய கதைங்க. 2013 பொதுத் தேர்தலிலிருந்து படைவீரர்களும் காவல் துறையினரும் பெரும்பாலும் முன்கூட்டியே வாக்களிப்பவர்கள். அஞ்சல் இல்லை, சில நாள் முன்னதாக நேரில் போய்ப் பெட்டியில் போடுவார்கள். 2022-இல் நமக்கு நவம்பர் 19, அவர்களுக்கு நவம்பர் 15.

அப்புறம் அஞ்சலில் போடுவது யார்? வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள், அன்றைக்குப் பணியில் இருக்கும் செய்தியாளர்கள், தேர்தல் பணியாளர்கள். வாக்குச் சாவடியில் உட்காரும் ஆசிரியர்களும் இதில் சேர்த்திதான்!

வெளிநாட்டில் இருப்போரில் முன்பு அரசு ஊழியர், படைவீரர், முழுநேர மாணவர், அவர்களின் துணைவர் ஆகியோருக்கு மட்டுமே இந்த வசதி. 2013-இல் மற்றவர்களுக்கும் திறந்தார்கள். ஆனால், சிங்கப்பூர், தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தானில் இருப்பவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. பக்கத்தில்தானே, வந்து போடுங்கள் என்ற கணக்கு. கோவிட் காலத்தில் எல்லை மூடியபோதுதான் அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. 2022 மார்ச் ஜொகூர் மாநிலத் தேர்தலில் அவர்களுக்கும் அஞ்சல் வாக்கு கிடைத்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வேட்புமனு நாள் முடிந்த பிறகுதான் வேட்பாளர் பெயரோடு சீட்டு அச்சடிக்க முடியும். 2018-இல் வேட்புமனு ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. நடுவே 11 நாள். அதற்குள் சீட்டு லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போக வேண்டும். வாக்காளர் குறியிட்டு முதல் உறையில் வைத்து ஒட்ட வேண்டும். சாட்சி முன்னிலையில் அடையாளப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அதையும் அந்த உறையையும் இரண்டாவது உறையில் வைத்து, தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் அது அந்தந்தத் தொகுதி அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். 5:01-க்கு வந்தாலும் செல்லாது.

என்ன நடந்தது? பலருக்குக் கடைசி நேரத்தில்தான் சீட்டு கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவே இல்லை. முகம் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் ஒன்றுகூடி, நாடு திரும்பும் பயணிகளிடம் விமான நிலையத்தில் உறைகளை ஒப்படைத்தார்கள். இங்கே தொண்டர்கள் வாங்கித் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நெகிழ்ச்சியான கதைதான். ஆனால், ஒருவரின் வாக்கு அடுத்தவரின் கைப்பையை நம்பி இருக்கலாமா?

மற்ற நாடுகள் இந்த நாள் கணக்கை வேறு மாதிரி போடுகின்றன. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டரசுத் தேர்தலில் முன்னதாகவே விண்ணப்பித்த படைவீரருக்கும் வெளிநாடுவாழ் குடிமகனுக்கும் 45 நாளுக்கு முன்பே சீட்டை அனுப்பிவிட வேண்டும். அப்படியும் வராவிட்டால், வேட்பாளர் பெயரைத் தானே எழுதி அனுப்ப ஒரு மாற்றுச் சீட்டு உண்டு. சிங்கப்பூரில் 2023 அதிபர் தேர்தலில் வந்த முறையில், வாக்காளர் இணையத்தில் சீட்டை எடுத்து அச்சிட்டுக்கொள்கிறார். போகும் வழி அஞ்சல் மிச்சம். வாக்களிப்பு நாளுக்கு முன் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால், அதற்குப் பின் 10 நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும். முடிவு முழுமையாகத் தெரியத் தாமதமாகும், உண்மைதான். எனக்கு அது பெரிய விலையாகத் தோன்றவில்லை. உங்கள் கருத்து வேறாக இருந்தால், வகுப்பு விவாதத்துக்கு அதையே தலைப்பாக வையுங்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் தானாகவே வாக்காளர் ஆகிவிடுவீர்கள். ஆனால், அஞ்சல் வாக்காளர் தானாக ஆக முடியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் வேட்புமனு நாளுக்கு முன்பே அந்த விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். ஆகவே, நாடாளுமன்றம் கலைந்த செய்தி கேட்ட அன்றே தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தைத் திறந்து, இப்போது இருக்கும் முகவரியைச் சரியாகக் கொடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார் என்பதையும் அன்றே பேசி வையுங்கள்.