புது மாண்டலினா, பழைய மாண்டலினா? பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குங்க

மாண்டலின் கத்துக்கணும், புதுசு வாங்கவா, யாராவது வாசிச்சு விட்ட பழசை வாங்கவா? இந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் யோசிக்காம பதில் சொல்லி, காசும் போச்சு, ஒரு பிள்ளையோட ஆசையும் பாதி போச்சு. அங்கிருந்தே தொடங்குறேன்.

அய்யலூர்ல இருக்கிற என் சித்தப்பா பொண்ணு, ப்ளஸ் ஒன் படிக்கிறா. மாண்டலின் வேணும்னு கேட்டா. திண்டுக்கல்–திருச்சி ரோட்டுல வடமதுரை தாண்டினா அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர் போன ஊர். அங்க மாண்டலின் எங்க கிடைக்கும்? நான் சென்னையில உட்கார்ந்துகிட்டு, நாலாயிரம் சொச்சத்துக்குப் புதுசா ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பரீட்சை முடியட்டும்னு ஒரு மாசம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. திருப்பி அனுப்புற கெடு போயிடுச்சு. பிரிச்சு வாசிச்சவ ஒரே வாரத்துல, "அண்ணே, விரல் எரியுது, எனக்கு இது வராது போல"ன்னு போன் பண்ணினா.

வராதது அவளுக்கு இல்லை, கருவிக்கு. ஊருக்குப் போய்ப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. கம்பி, விரல் வைக்கிற பலகைக்கு மேல அவ்வளவு உயரத்துல நின்னுச்சு. மாண்டலின்ல 8 கம்பி, ஜோடி ஜோடியா நாலு. வயலினுக்கு மேல்நாட்டுல வைக்கிற அதே சுருதி. எட்டும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுவிசை 70, 80 கிலோ வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ரெண்டு இரும்புக் கம்பியைச் சேர்த்து அமுக்கணும். அந்த உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் புதுசா கத்துக்கிற விரலுக்கு அது தண்டனைதான்.

இதைச் சோதிக்க பெரிய கருவி வேண்டாம். ஒரு ரூபாய்க் காசு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். 12ஆவது ஃப்ரெட் மேல வெச்சுப் பாருங்க. ஒரு காசு கம்பிக்கு அடியில நுழைஞ்சா சரி. ரெண்டு காசை அடுக்கி நுழைச்சாலும் இடம் மிச்சம் இருந்தா, அந்த மாண்டலினை அப்படியே வாசிக்க முடியாது. எங்க பெட்டியில வந்தது ரெண்டாவது ரகம்.

சித்தப்பா ஆடு வாங்கி விக்கிறவர். நான் நடந்ததைச் சொன்னதும் சிரிச்சார். "பல்லைப் பிடிச்சுப் பார்க்காம ஆடு வாங்குவியாடா? போட்டோவைப் பார்த்தா வாங்குவ?" அந்த வியாழக்கிழமை அவர்கூட சந்தைக்குப் போனேன். குட்டியா, ரெண்டு பல்லா, நாலு பல்லான்னு வாயைத் திறந்து பார்க்கிறார், முதுகெலும்பைத் தடவுறார், நடக்க விட்டுப் பார்க்கிறார். புதுசா பழசாங்கிற கேள்வியே அவருக்கு இல்லை. இது இப்ப எப்படி இருக்குன்னுதான் பார்க்கிறார்.

பழைய மாண்டலினுக்கும் அதேதான். முதல்ல தலைப்பக்கத்திலிருந்து ஒத்தைக் கண்ணை மூடி நெக் நேரா இருக்கான்னு பாருங்க. லேசான வளைவு உள்ளே இரும்புக் கம்பி இருந்தா சரி பண்ணலாம். முறுக்கிக்கிட்டு இருந்தா வேண்டாம். அடுத்து, முதல் மூணு ஃப்ரெட்ல கம்பி அறுத்த பள்ளம். ஆழமா இருந்தா மாத்துற செலவை விலையில கழிங்க. பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை உள்வாங்கி இருந்தாலும், தலையும் நெக்கும் சேர்ற இடத்துல விரிசல் இருந்தாலும் நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை சுருதி. போன்ல ட்யூனர் ஆப் போதும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பியை அமுக்காம தொட்டு மீட்டுங்க, அப்புறம் அமுக்கி மீட்டுங்க. ரெண்டும் ஒரே ஸ்வரம் காட்டணும். காட்டலைன்னா பயப்படாதீங்க. பெரும்பாலான மாண்டலின்ல பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டாங்க, கம்பியோட அழுத்தத்துலதான் நிக்கும். அமுக்கின ஸ்வரம் மேல போனா பிரிட்ஜைக் கொஞ்சம் வால் பக்கம் நகர்த்தினா சரியாகும். ஆனா ஒவ்வொரு ஃப்ரெட்டும் மிச்சமிருக்கிற கம்பி நீளத்துல சுமார் 17.8ல் ஒரு பங்கு தள்ளி இருக்கணும். இந்தக் கணக்கு ஃபேக்டரியிலேயே பிசகினா எந்த மெக்கானிக்காலும் தேறாது. அது சாஃப்ட்வேர் பக் இல்லை, ஹார்டுவேர்.

இன்னொரு விஷயம், எந்தப் பாட்டுக்கு வாங்குறீங்க? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1969ல ஆந்திராவுல பாலகொல்லுல பிறந்தவர். ஆறு வயசுல அவர் கையில எடுத்தது அப்பா சத்தியநாராயணாவோட மாண்டலின். பையனுக்கு வருதுன்னு தெரிஞ்ச பிறகுதான் அப்பா புதுசு வாங்கிக் கொடுத்தார். பின்னால ஜோடிக் கம்பிகளை விட்டுட்டு, அஞ்சு ஒத்தைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். கமகத்துக்குக் கம்பியை இழுக்கணும், ஜோடியை ஒரே அளவு இழுக்கிறது கஷ்டம். அதனால கர்நாடக சங்கீதம்னா முதல்ல வாத்தியார்கிட்ட கேளுங்க. சினிமாப் பாட்டு, கோரஸ்னா எட்டுக் கம்பியே அழகு.

என் கட்சி இதுதான்: கையில எடுத்து வாசிச்சுப் பார்க்க முடிஞ்சா பழசு வாங்குங்க, கொஞ்சம் காசைப் புதுக் கம்பிக்கும் செட்டப்புக்கும் ஒதுக்குங்க. போட்டோ மட்டும்தான் கிடைக்குதுன்னா புதுசு, அதுவும் திருப்பி எடுத்துக்கிற கடையில. பெட்டி வந்த அன்னைக்கே காசை நுழைச்சுப் பார்த்துடுங்க.

தங்கச்சிக்கு மதுரையில ஒருத்தர் பத்து வருஷமா வாசிச்ச மாண்டலின் கிடைச்சது. சித்தப்பாவும் கூட வந்தார். நான் ஆப்பைத் திறக்கிறதுக்குள்ள அவர் நெக்கைத் தடவிட்டு, "எலும்பு நேராத்தான் இருக்கு"ன்னார். போன வாரம் அவ ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினா, தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே மெட்டு, நடுவுல ரெண்டு இடத்துல தடுக்குது. பின்னால ஆடு கத்துது.